பை ஃப்ரைடேயா, அன்டில் ஃப்ரைடேயா?

நண்பரே, 'ஐ வில் சென்ட் தி ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே' என்று நீங்கள் மின்னஞ்சலில் எழுதியதை மேலாளர் ஏன் 'பை ஃப்ரைடே' என்று திருத்தினார் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு இலக்கணப் புத்தகம் எதுவும் வேண்டாம், தமிழே போதும். அந்த வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்' என்று வந்தால் பை, 'வெள்ளிக்கிழமை வரை ஊரில் இருப்பேன்' என்று வந்தால் அன்டில். ஒரு தடவை செய்து முடிக்கிற வேலைக்குக் கெடு வைக்கும்போது 'க்குள்' வரும். ஒன்று தொடர்ந்துகொண்டே போய் அந்த நாளில் நிற்கிறது என்றால் 'வரை'தான். நீங்கள் எழுதியதைப் படிப்பவருக்கு, வெள்ளிக்கிழமை வரை விடாமல் அறிக்கை அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்று தோன்றும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாளின் பெயர் இல்லாமல் '2 நாளுக்குள்' என்று கால அளவு வந்தால் பை சரிவராது, வித்தின் டூ டேஸ். இதையே 'இன் டூ டேஸ்' என்று போட்டால் பெரும்பாலும் இன்றிலிருந்து 2 நாள் கழித்து என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், நம் ஆட்கள் நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அப்புறம், அதே மின்னஞ்சலில் 'டிஸ்கஸ் அபவுட்' என்றும் இருக்கிறது. டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிடுகிறது, அதனால் அபவுட்டை எடுத்துவிடுங்கள். டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் அபவுட் போடலாம். திருத்தி எழுதியதை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.