பினாங்குல ஆறு மணி நேரம் போதுமா?

கேள்வி: சிங்கப்பூர்ல இருந்து க்ரூஸ் போறோம், பினாங்குல ஆறு மணி நேரம்தான் நிக்குமாம். வயசான அம்மாவும் வர்றாங்க, கப்பல்லயே டூர் புக் பண்ணிடலாமா?

பதில்: தேவையே இல்லீங்க. கப்பல் நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் பியர், பினாங்கோட முக்கிய ஊரான ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கு, வெளிய வந்தா கார்ன்வாலிஸ் கோட்டை, அப்படியே மெதுவா நடந்தா லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டின மாரியம்மன் கோயில், அம்மாவுக்கு கால் வலிச்சா கிராப் (ஆப்ல கூப்பிடுற டாக்ஸி) போட்டுக்கோங்க. பினாங்கு ஹில் மட்டும் வேணாம், மலை ரயில் க்யூல மாட்டுனா டென்ஷன்தான். மதியம் நாசி கண்டார் கண்டிப்பா சாப்பிடுங்க, தமிழ் முஸ்லிம்கள் தோள்ல கம்பு வச்சு ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு வித்த சோறு அது, நாலஞ்சு குழம்பையும் கலந்து ஊத்தச் சொல்லணும், அதான் ருசியே (அம்மா சைவம்னா லிட்டில் இந்தியாவுல வாழையிலை சாப்பாடு இருக்கு). ஒண்ணு, கப்பல் கிளம்புற நேரத்துக்கு முன்னாடியே கேட்டை மூடிடுவாங்க, தனியா சுத்தப் போனவங்களுக்காக காத்திருக்க மாட்டாங்க.