நாலு பேர், ஒரே திரை: கவனிக்காமல் விட்ட பழைய வீடியோ கேம்கள் – கேள்வி பதில்

பக்கத்தில் ஆளை உட்கார வைத்து ஆடும் பழைய வீடியோ கேம்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. இருபது வருடமாக இவற்றைத் தேடித் தேடி ஆடுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கான்ட்ரா, மாரியோ, ஸ்ட்ரீட் ஃபைட்டர் மூன்றும் இங்கே வராது. அவற்றை எல்லோருக்கும் தெரியும்.

அண்ணா, ஒரே ஒரு கேம்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

மியூல். யோசிக்கவே மாட்டேன்.

1983-இல் அட்டாரி 800 கம்ப்யூட்டருக்கு வந்தது. வடிவமைத்தவர் டேனியேல் பன்டன் பெர்ரி. அவருடைய ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் குழு செய்ததை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. அட்டாரி 800-இல் நாலு ஜாய்ஸ்டிக் சொருகலாம். அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொண்ட கேம் இது.

நாலு பேர் ஒரு புதுக் கிரகத்தில் குடியேறுகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் நிலம். கோவேறு கழுதை மாதிரி ஒரு எந்திரத்தை வாங்கி, உணவு, மின்சாரம், தாது என்று ஏதாவது ஒன்றுக்குத் தயார்செய்து, நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு மாதமும் விளைந்தது ஏலத்துக்கு வரும். விற்பவர் திரையின் மேலே நிற்பார், வாங்குபவர் கீழே. வாங்குபவர் மேலே ஏற ஏற அவர் தரும் விலை கூடும். விற்பவர் இறங்க இறங்க அவர் கேட்கும் விலை குறையும். இருவரும் சந்திக்கும் இடம்தான் விலை.

ஒருமுறை என் அத்தை பையனிடம் உணவு சுத்தமாக இல்லை. உணவு இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடும். மிச்சம் இருந்தது என் தங்கையிடம் மட்டும். அவன் ஒரு படி ஏறினான். இவள் அசையவில்லை. இன்னொரு படி ஏறி, ‘கொஞ்சம் இறங்கேன்’ என்று கெஞ்சினான். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி நொடியில் இவள் ஒரே ஒரு படி இறங்கினாள். திரையில் தெரிந்தது இரண்டு சின்ன உருவங்கள் நகர்வது மட்டும்தான். அறைக்குள் மண்டி ஏலமே நடந்துகொண்டிருந்தது.

இதில் நான் மிகவும் மதிப்பது அதன் நியாயம். முதலிடத்தில் இருப்பவருக்கு லாட்டரி மாதிரி நல்லது எதுவும் அடிக்காது. கடைசி இடத்தில் இருப்பவருக்குத் தற்செயலாகக் கெட்டது நடக்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்குப் போட்டியிட்டால் பின்தங்கியவருக்கே முன்னுரிமை. முடிவில் தனித்தனிச் சொத்தோடு சேர்த்து, குடியிருப்பு மொத்தமும் தேறியதா என்றும் பார்க்கிறது. கமடோர் 64-க்கும் இது உண்டு, ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக் சொருக இரண்டு இடம்தான். நாலு பேர் என்றால் அட்டாரி பதிப்பையே எடுங்கள்.

சின்ன வயதில் அப்பா ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கித் தந்த டிவி கேம் இன்னும் பரணில் இருக்கிறது. கூடவே 9999 இன் 1 கேசட். அதில் நான் கவனிக்காமல் விட்டது ஏதாவது இருக்குமா?

கண்டிப்பாக இருக்கும். அந்த 9999-இல் சில பத்து கேம்தான் நிஜம். அதே கேமை மூன்றாம் லெவலிலிருந்து, ஏழாம் லெவலிலிருந்து என்று திரும்பத் திரும்பப் பட்டியல் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் பலூன் ஃபைட் இருக்கிறதா என்று தேடுங்கள். 1985-இல் வந்தது. இதற்கு நிரல் எழுதிய சடோரு இவாடா பிற்பாடு நின்டென்டோவின் தலைவரே ஆனார்.

ஆளுக்கு இரண்டு பலூன். பட்டனைத் தட்டத் தட்ட மேலே போவீர்கள். விட்டால் உடனே நிற்காது, மிதந்து சறுக்கிக்கொண்டே போகும். அந்தச் சறுக்கலைப் பழகிக்கொள்வதுதான் ஆட்டம். இரண்டு பேர் ஆடும்போது நீங்கள் ஒரே கட்சிதான், ஆனாலும் ஒருவர் பலூனை இன்னொருவர் உடைக்க முடியும். தண்ணீரை ஒட்டிப் பறந்தால் மீன் வாய் திறந்து இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் நாம் டாங்கி கேம் என்று ஆடிய பேட்டில் சிட்டி. அதை ஆடாதவர் இல்லை, ஆனால் மெனுவில் மூன்றாவதாக இருக்கும் கன்ஸ்ட்ரக்‌ஷனைப் பலர் தொட்டதே இல்லை. செங்கல், இரும்புச் சுவர், ஆறு, காடு எல்லாம் வைத்து நீங்களே மைதானம் கட்டலாம். ஒருவர் கட்டட்டும், மற்றவர் சமையலறையில் காத்திருக்கட்டும். கட்டி முடித்ததும் இருவரும் சேர்ந்து ஆடுங்கள்.

சார், என் அப்பா நல்ல செஸ் ஆட்டக்காரர். வீடியோ கேம் என்றாலே எழுந்து போய்விடுவார்.

ஆர்க்கான் காட்டுங்கள். 1983, இதுவும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியீடு. ஒன்பதுக்கு ஒன்பது பலகை, ஆளுக்குப் பதினெட்டு காய். செஸ்ஸில் ஒரு காய் இன்னொன்றின் கட்டத்துக்குப் போனால் வெட்டு. இங்கே திரை மாறி இரண்டு காயும் நேருக்கு நேர் சண்டை போட வேண்டும். கை வேகம் இருந்தால் சிப்பாய்கூட டிராகனைச் சாய்க்கலாம். பலகையில் சில கட்டங்கள் வெளுப்பும் கறுப்புமாக மாறிக்கொண்டே இருக்கும். தன் நிறத்துக் கட்டத்தில் நிற்பவருக்கு பலம் அதிகம். ஐந்து சக்திக் கட்டங்களையும் பிடித்தால் ஜெயம்.

எங்கே, எப்போது தாக்குவது என்பதில் அப்பா உங்களை மடக்குவார். சண்டையில் நீங்கள் அவரை மடக்குவீர்கள். சரியான ஜோடி.

பொங்கலுக்கு எட்டு கசின்கள் வருகிறோம். எங்களிடம் நாலு கேம் பேடுதான் இருக்கிறது.

மைக்ரோ மெஷின்ஸ் 2, செகாவின் மெகா டிரைவ் கேம் பெட்டிக்கு வந்த பதிப்பு, 1994. கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் இதற்காகவே கேசட்டின் மேலேயே இன்னும் இரண்டு பேடு சொருக இடம் வைத்தது. பெட்டியில் இரண்டு, கேசட்டில் இரண்டு, ஆக நாலு பேடு. ஒவ்வொரு பேடையும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். கார் தானாக ஓடும், திருப்புவது மட்டும் உங்கள் வேலை.

தீப்பெட்டி அளவுக் கார்கள் வீட்டுப் பொருட்களுக்கு நடுவே ஓடும். எல்லோருக்கும் ஒரே திரை, பின்தங்கித் திரையை விட்டு நழுவினால் அவுட். ஒரு சுற்று சில நொடிகளில் முடிந்துவிடுவதால் யாரும் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. பேடைப் பகிரும் இருவரும் தோள் ஒட்டி உட்கார வேண்டும், சண்டைக்காரர்களைச் சேர்த்து உட்கார வைக்காதீர்கள்.

பக்கத்தில் இருப்பவன் என் பாதித் திரையை எட்டிப் பார்க்கிறான். இதற்கு வழியே இல்லையா?

எட்டிப் பார்ப்பதையே ஆட்டமாக்கிய கேம் ஒன்று உண்டு. ஸ்பை வெர்சஸ் ஸ்பை, 1984. திரையின் மேல்பாதியில் ஒரு ஒற்றன், கீழ்ப்பாதியில் ஒரு ஒற்றன், ரகசிய ஆவணங்களைத் தூதரகம் முழுக்கத் தேடுகிறார்கள். கதவுக்கு மேல் வாளி, அலமாரிக்குள் வெடிகுண்டு என்று பொறி வைக்கலாம். நீங்கள் வைப்பதை எதிராளி பார்க்க முடியும், அவர் அந்த நேரம் உங்கள் திரையைப் பார்த்தால். பார்த்துக்கொண்டே இருந்தால் அவருடைய தேடல் நின்றுவிடும். உங்கள் பொறியில் நீங்களே மாட்டவும் முடியும், அதனால் எங்கே வைத்தோம் என்று மனதில் வைத்திருக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் ஒவ்வொரு மேசை முன்னாலும் சும்மா நின்று நின்று போவார். எதில் வைத்தார் என்று கடைசிவரை தெரியாது.

ஹாஸ்டலில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். ஜாய்ஸ்டிக் எல்லாம் கிடையாது.

ஸ்கார்ச்ட் எர்த். 1991-இல் வென்டல் ஹிக்கன் எழுதியது, பத்து பேர் வரை ஆடலாம். ஆளுக்கொரு பீரங்கி, முறை வைத்துச் சுட வேண்டும், கீபோர்டு கைமாறிக்கொண்டே போகும். கோணம், வேகம், காற்று மூன்றையும் கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு சம்பாதித்த காசில் குண்டு வாங்கலாம்.

இரண்டு பேர் மட்டும் என்றால் லியரோ. பின்லாந்தின் யோசா ரீக்கினென் 1998-இல் தந்தது. மண்ணைக் குடைந்துகொண்டு இரண்டு புழுக்கள், நாற்பது ஆயுதங்கள். அதில் ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் இரண்டையும் ஓட்டலாம். லியரோவில் ஒன்றைக் கவனியுங்கள்: இருவரும் ஒரே நேரத்தில் பல பட்டன்களை அழுத்துவதால் சாதாரண கீபோர்டு சிலவற்றை விழுங்கிவிடும். ஒருவருக்கு இன்னொரு யூஎஸ்பி கீபோர்டு கொடுத்தால் தீரும்.

காம்போ, அதாவது வரிசையாக அழுத்த வேண்டிய பட்டன் கோர்வை, மனப்பாடம் செய்யாமல் சண்டை கேம் ஆட முடியுமா?

புஷிடோ பிளேடு, 1997, பிளேஸ்டேஷன். உயிர்ப் பட்டை கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. கத்தி சரியான இடத்தில் பட்டால் ஒரே வெட்டில் முடிந்தது. காலில் பட்டால் மண்டியிட்டே மீதிச் சண்டை. இரண்டு நிமிடம் சுற்றிச் சுற்றி வந்து அரை நொடியில் முடியும் ஆட்டத்தில் வரும் படபடப்பு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

கணவரோடு ஆடினால் எப்போதும் நான்தான் தோற்கிறேன். அலுத்துவிட்டது.

பபிள் பாபிள், டைட்டோ நிறுவனம், 1986. இருவரும் ஒரே கட்சி. நூறு ரவுண்டையும் தனியாக முடித்தால் முழு முடிவைக் காட்டாது, நண்பரோடு திரும்பி வா என்று சொல்லும். அதனால் உங்கள் கணவருக்கு நீங்கள் கட்டாயம் வேண்டும்.

பழைய கேமைப் பெரிய எல்இடி டிவியில் போட்டால் கை சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறது. எனக்கு வயதாகிவிட்டதா?

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புது டிவி படத்தை மெருகேற்றிவிட்டுக் காட்டுவதால் தாமதம் வருகிறது. டிவி அமைப்பில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள், பெரும்பகுதி சரியாகிவிடும். பலூன் ஃபைட் மாதிரி நொடியில் தட்ட வேண்டிய கேம்களுக்குப் பழைய குண்டு டிவி கிடைத்தால் விடாதீர்கள்.

நண்பன் அமெரிக்காவில் இருக்கிறான். தூரத்திலிருந்து ஆட வழி உண்டா?

முறை வைத்து ஆடுபவை தாமதத்தைத் தாங்கும். திரையைப் பகிர்ந்துகொண்டு ஸ்கார்ச்ட் எர்த் ஆடலாம். அவன் கோணம் சொல்ல நீங்கள் தட்டினால்கூடப் போதும். மியூலை மட்டும் அப்படி ஆட வேண்டாம், ஏலத்தில் ஒரு நொடி பிந்தினாலும் விலை போய்விடும். அவன் லீவுக்கு ஊருக்கு வரும் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுவிடுங்கள்.