பரோக் அரண்மனை என்றால் என்ன? வெர்சாயில் ஏன் எங்கு பார்த்தாலும் தங்கம்?

பரோக் என்பது 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்த கட்டடப் பாணி. வளைவு நெளிவுகள், தங்கப்பூச்சு, கூரை முழுக்க ஓவியம் என்று உள்ளே வருபவரை வாய்பிளக்க வைப்பதுதான் அதன் வேலை. கல்யாண வீட்டில் சீர்வரிசையை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி பரப்பி வைப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான், அளவு மட்டும் பெரிது.

பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள வெர்சாய் அரண்மனைக்கு பிரான்ஸ் மன்னர் 14-ஆம் லூயி 1682-ல் அரசவையையே மாற்றிக்கொண்டு வந்ததும், பிரபுக்கள் அவர் கண்பார்வையிலேயே கிடக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள். அப்போது நல்ல கண்ணாடி என்றாலே வெனிஸ்தான், அதை நாங்களும் செய்வோம் என்று காட்டத்தான் இவ்வளவும். அதன் சன்னல் வழியே பார்த்தால் தோட்டத்தின் நடுப்பாதை கோடு போட்டது போல நேராக ஓடி, ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கால்வாயில் முடியும். செடிகூட ராஜா சொன்னபடிதான் வளரணும்! எனக்கு உள்ளே இருக்கும் தங்கத்தைவிட இதுதான் பிடிக்கும்.

அப்புறம், நீரூற்றுகள் எப்போதும் பீறிடும் என்று நினைத்துப் போகாதீர்கள்: லூயி காலத்திலேயே தண்ணீர் போதாமல், அவர் வருவதை விசிலடித்துச் சொன்ன பிறகே திறந்தார்கள், இன்றும் பருவகாலத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான், அன்றைக்குத் தோட்டத்துக்கும் டிக்கெட் உண்டு.