‘ப்ரீஆக்குபைட்’ என்றால் ‘பிஸி’ என்றுதானே அர்த்தம்?

இல்லை. யாரோ எழுதியதில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

மகள் நான்காம் வகுப்பு படித்தபோது, ரேங்க் கார்டில் மதிப்பெண்களுக்குக் கீழே நீல மையில் ஆங்கிலத்தில் ஒரே வரி: வகுப்பில் எப்போதும் ப்ரீஆக்குபைட் ஆக இருக்கிறாள். ஆக்குபைட் எனக்குத் தெரியும். கழிவறைக் கதவில் இருக்குமே, உள்ளே ஆள் இருக்கிறது என்று. சரி, சும்மா உட்காராமல் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "மிஸ் உன்னைப் பாராட்டியிருக்காங்க பாப்பா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கார்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பெற்றோர் கூட்டத்தில்தான் புரிந்தது. பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறாளாம். நோட்டில் தேதியை எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாளாம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் என் அம்மா இறந்திருந்தார். அவளைத் தினமும் தூங்கவைத்தது அவர்தான்.

லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன்பே; ‘ஆக்குபாரே’ என்றால் பிடித்துக்கொள்வது. நீங்கள் பேச வருவதற்கு முன்பே அந்த மனதில் வேறொன்று இடம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். பிஸி என்றால் கையில் வேலை இருக்கிறது. கண்முன் இருக்கும் புத்தகத்தில் மூழ்கியிருந்தால் அது என்கிராஸ்டு, அதற்குப் பின்னால் ‘இன்’ வரும். ப்ரீஆக்குபைட் ஆனவருக்குக் கண் இங்கே, நினைப்பு வேறெங்கோ. பின்னால் ‘வித்’ வரும். கவலைக்கு மட்டும்தானா இந்தச் சொல் என்று கேட்பார்கள். இல்லைதான், எந்நேரமும் பணத்தைப் பற்றியே யோசிப்பவரையும் அப்படிச் சொல்லலாம். ஆனால் ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருந்தால், முதலில் அதன் மனதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அந்த ஆசிரியர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் பார்க்காததை அவர் பார்த்தார். ஆனால் எழுதியவருக்கும் தமிழ் தெரியும், வாசித்த எனக்கும் தமிழ்தான். பெற்றோருக்கு எழுதும் அந்த ஒரு வரியைக்கூட ஏன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? ‘பிள்ளை எப்போதும் ஏதோ யோசனையிலேயே இருக்கிறாள்’ என்று எழுதியிருந்தால், அன்று மாலையே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருப்பேன்.