ஒரே நாளில் ஸ்மூத்தனிங், ஹைலைட்ஸ்: முடி அறுந்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: வீட்டிலேயே டை அடித்து அடித்து என் முடி ஏற்கெனவே வறண்டுபோயிருந்தது. சலூனில் ஸ்மூத்தனிங் செய்து, அன்றைக்கே ஹைலைட்ஸும் போட்டார்கள். இப்போது முடி பாதியிலேயே பிய்ந்து வருகிறது. கேட்டால், "தண்ணி சரியில்ல, அதான் கொட்டுது. நீங்க ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வேணும்னா ஹேர் ஸ்பா ஃப்ரீயா பண்ணித் தர்றோம்" என்கிறார்கள். சட்டப்படி என்ன செய்யலாம்?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் இப்போதைக்கு முடியை வெட்டாதீர்கள், இலவச ஸ்பாவுக்கும் போகாதீர்கள். உங்கள் தரப்பின் முதல் சாட்சியமே அந்த முடிதான்.

'கொட்டுது' என்று அவர்கள் சொல்வதில்தான் வழக்கே இருக்கிறது. வேரோடு உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் தெரியும். நடுவில் அறுந்த முடியில் அது இருக்காது. துண்டுகளும் வெவ்வேறு நீளத்தில் கிடக்கும். சீப்பில் வருவதை வெள்ளைத்தாளில் பரப்பி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். பிறகு தேதி எழுதிய காகித உறையில் போட்டு வையுங்கள். தோல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டி, முடித்தண்டு அறுந்திருக்கிறதா, அது இரசாயனத்தாலோ சூட்டாலோ வந்ததாகத் தெரிகிறதா என்று எழுதி வாங்குங்கள். சீட்டில் வெறுமனே 'முடி உதிர்வு' என்று இருந்தால், எதிர்த்தரப்பு அதையே உங்களுக்கு எதிராக நீட்டும்.

அடுத்து, என்ன ஸ்மூத்தனிங் செய்தார்கள் என்று தெரியவேண்டும். பில்லில் பெரும்பாலும் அந்த ஒற்றைச் சொல்தான் இருக்கும். நாற்றமடிக்கும் கிரீமைப் பூசி, அலசி, அயர்ன் செய்து, மறுபடி நியூட்ரலைசர் போட்டிருந்தால் அது தயோகிளைகோலேட் வகை. முடிக்கு உறுதி தரும் சல்ஃபர் பிணைப்புகளை உடைத்துத் திரும்பச் சேர்க்கும் முறை அது. அதே முடியில் அன்றைக்கே ஹைலைட்ஸுக்காக ப்ளீச் வைத்தால் பலவீனமான பிணைப்புகள் மேலும் உடையும். முன்பே சேதமான முடியில் இதைச் செய்ததற்கு நியாயம் சொல்வது சலூனுக்குக் கஷ்டம்.

மருந்தைப் பூசிக் காயவைத்து, அப்படியே 200 டிகிரிக்கு மேல் அயர்ன் செய்திருந்தால் கெரட்டின் வகையாக இருக்கலாம். ஹைலைட்ஸ் போட்டுவிட்டு அதன்மேல் கெரட்டின் செய்வது தொழிலில் நடப்பதுதான். ஆகவே அங்கே அவர்களுக்கும் வாதம் உண்டு. அப்போது கேள்வி வேறு: ப்ளீச்சில் கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பர் 20 வால்யூமா (6 சதவீத பெராக்சைடு), 40 வால்யூமா (12 சதவீதம்)? எவ்வளவு நேரம் வைத்தார்கள்? முன்பு என்ன டை, மருதாணி போட்டீர்கள் என்று கேட்டார்களா? ஒரு சிறு கற்றையில் போட்டுப் பார்த்தார்களா? நனைந்த முடியை இழுத்துப் பார்த்தார்களா? சேதமான முடி ஜவ்வாக நீண்டு அறுந்துவிடும். இரண்டு நிமிட வேலை அது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(11) பிரிவு இங்கேதான் கைகொடுக்கிறது. அலட்சியம் மட்டுமல்ல, தெரிவிக்கவேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதன்படி சேவைக் குறைபாடு. கையெழுத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 'எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல' என்ற அச்சிட்ட வரி, அலட்சியத்துக்குக் கொடுத்த அனுமதி ஆகாது. ஆனால் 'இந்த முடிக்கு இது ஆகாது என்று சொன்னோம், அவர் வற்புறுத்தினார்' என்று அதில் கையால் எழுதியிருந்தால் நிலைமை வேறு. ஃபார்மின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் டை போட்டதை மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் வந்தால் மற்ற சாட்சியமும் சாயம் போய்விடும். முடியின் நிலை கண்ணுக்குத் தெரிந்தும் செய்தார்கள் என்பதுதான் உங்கள் வாதம்.

பிறகு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். தேதி, செய்த வேலை, கட்டிய பணம், கேட்கும் இழப்பீடு எல்லாம் எழுதி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பயன்படுத்திய பொருள்களின் பெயர், பேட்ச் எண், டெவலப்பரின் அளவு ஆகியவற்றைக் கேளுங்கள். அன்றைய சிசிடிவி பதிவை அழிக்கக்கூடாது என்றும் எழுதுங்கள். பல இடங்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும், தாமதிக்க வேண்டாம். பில் தரவில்லையென்றால் யுபிஐ ரசீது போதும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வையுங்கள். இலவச ஸ்பா தருவதாகச் சொன்னது அதில் இருந்தால் நல்லது.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியிலும் முடியும். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். வழக்குக்கு முன் ஒருமுறை பேசிப் பார்க்க விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

எவ்வளவு கேட்கலாம்? கட்டிய பணம், மருத்துவச் செலவு, சரிசெய்ய ஆகும் செலவு, மன உளைச்சல். வேலை வாய்ப்புப் போனது என்றால் கடிதமோ ஒப்பந்தமோ காட்டவேண்டும். தவறாக முடி வெட்டியதற்கு 2 கோடி ரூபாய் வழங்கிய தேசிய ஆணையத்தின் உத்தரவை 2023 பிப்ரவரியில் பரிசீலித்த உச்ச நீதிமன்றம், சேவைக் குறைபாடு என்ற முடிவில் தலையிடவில்லை. ஆதாரமில்லாமல் தொகையை நிர்ணயித்ததைத்தான் ரத்து செய்து, திருப்பி அனுப்பியது.

சலூன் சமரசத்துக்கு வந்தால் பணமாக வாங்குங்கள். 'முழுத் தீர்வு' என்ற தாளில் பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.