முற்று எங்கே இருக்கிறது? ஆங்கில வாக்கியம் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். நீளமான ஆங்கில வாக்கியத்தில் சிக்கும் இடங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவி, செந்தூல்): டீச்சர், கிளாஸ் (clause) எது, ஃபிரேஸ் (phrase) எது என்று எனக்கு எப்போதும் குழப்பம். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிவிட்டது.

பதில்: காலம் காட்டும் வினைமுற்றைத் தேடும்மா. 'ஆஃப்டர் த எக்ஸாம்' என்பதில் முற்று இல்லை, அதனால் ஃபிரேஸ். 'ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட் த எக்ஸாம்' என்பதில் 'ஐ' எழுவாய், 'ஃபினிஷ்ட்' முற்று. இதுதான் கிளாஸ். என் பிள்ளைகளிடம் இதைக் 'குட்டி வாக்கியம்' என்பேன்.

குழப்பத்துக்குக் காரணம் நம் தாய்மொழி வேறு வழியில் போவதுதான். 'பசியாறிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, எல்.ஆர்.டி. ரயில் ஏறிப் பள்ளிக்குப் போனேன்' என்று நாலு வேலையைச் சொன்னாலும் முற்று ஒன்றுதான்: 'போனேன்'. மற்றதெல்லாம் எச்சம், அதாவது தனியே முடியாத வினை. ஆங்கிலமோ உள்ளே வரும் குட்டி வாக்கியத்துக்கும் தனி எழுவாய், தனி முற்று கொடுத்து, முன்னால் ஒரு இணைப்புச் சொல்லையும் வைக்கும். பென்சிலால் முற்றுகளை வட்டமிடு. மூன்று வட்டம் வந்தால் இரண்டு இணைப்புச் சொற்களாவது வேண்டும். 'தட்' மட்டும் சில நேரம் மறைந்திருக்கும். இணைப்பே இல்லாமல் இரண்டு முற்றுக்கு நடுவே வெறும் கமா போட்டிருந்தால் அது பிழை. நான் சிவப்பு மையில் அதிகம் திருத்துவது இதைத்தான்.

கேள்வி (ஒரு தாய், பத்துமலை): 'ஹூ', 'விச்' வரும் வாக்கியங்களை மகள் முன்பின்னாக எழுதுகிறாள். வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: மலாய் வழியாகச் சொல்லிக் கொடுங்கள் அம்மா. 'நேற்று வந்த பையன்' என்று தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். மலாயில் 'புடாக் யாங் டத்தாங் செமாலாம்', ஆங்கிலத்தில் 'த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'. இரண்டிலும் பையன் முதலில் வருகிறான், விவரம் பின்னால் வருகிறது. 'யாங்' இருக்கும் இடத்தில் 'ஹூ' அல்லது 'விச்' வைக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் மூன்று மொழியோடு வளர்கிறார்கள். அந்தச் செல்வத்தை ஆங்கிலப் பாடத்தில் நாம் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி (கிடங்கு எழுத்தர், செகாம்புட்): 'த கார்ட்டன்ஸ், விச் ஆர் வெட், மஸ்ட் பி ரிட்டர்ன்ட்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். நல்ல பெட்டிகளும் சேர்ந்து திரும்பிவிட்டன. என் பிழை என்ன டீச்சர்?

பதில்: அந்த இரண்டு கமாதான் தம்பி. கமா போட்டால் 'விச் ஆர் வெட்' வெறும் கூடுதல் தகவல் ஆகிவிடும். பெட்டிகள் எல்லாமே நனைந்தவை, எல்லாவற்றையும் அனுப்பு என்று பொருள். கமாவை எடுத்துவிட்டால், நனைந்த பெட்டிகளை மட்டும் அனுப்பு என்று பொருள். தமிழில் 'நனைந்த பெட்டிகள்' என்று மட்டும் எழுதினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. 'மட்டும்' என்றோ 'எல்லாம்' என்றோ நாம் சேர்த்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையைக் கமா செய்கிறது. இனி அனுப்புமுன் அந்த விவரத்தை விரலால் மறைத்துப் படியுங்கள். மறைத்தால் எந்தப் பெட்டி என்று தெரியாமல் போகிறதா? அப்படியானால் கமா வேண்டாம்.

கேள்வி (மூயெட் ஆங்கிலத் தேர்வு எழுதப்போகும் மாணவர்): 'ஆல்தோ' போட்டால் பிறகு 'பட்' வருமா?

பதில்: வராது. ஒன்று போதும். 'மழை பெய்தாலும் வந்தான்' என்பதில் அந்த 'உம்' ஒன்றே வேலையை முடிக்கிறது அல்லவா? சீன மொழியில் இரண்டு சொல்லும் சேர்ந்து வரும். நம் ஊர்ப் பேச்சில் இது பரவ அதுவும் ஒரு காரணம்.

கேள்வி (அதே மாணவர்): 'இஃப் இட் வில் ரெயின்' என்றால் ஏன் தப்பு? மழை இனிமேல்தானே வரப்போகிறது?

பதில்: 'மழை பெய்தால்' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? 'ஆல்' ஈறு காலமே காட்டாது, காலத்தைக் கடைசி முற்று சொல்லும். ஆங்கிலத்திலும் எதிர்காலத்தை முதன்மை வாக்கியமே சொல்லிவிடுகிறது: 'இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் ஸ்டே ஹோம்'.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): மாணவர்கள் 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்றே எழுதுகிறார்கள்.

பதில்: 'அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை' என்பதில் கேள்வி அப்படியே உள்ளே போய், 'என்று' மட்டும் சேர்கிறது. அந்தப் பழக்கம்தான் டீச்சர். ஆங்கிலத்தில் உள்ளே போனதும் கேள்வி தன் வரிசையை மாற்றிக்கொண்டு 'வேர் ஹி இஸ்' ஆகிவிடும். இரண்டு அட்டைகளில் 'ஹி', 'இஸ்' எழுதிப் பிள்ளைகள் கையாலேயே மாற்றி வைக்கச் செய்யுங்கள்.

கேள்வி (ஓய்வு பெற்றவர், கெப்போங்): பேரன் 'வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுதினான். தப்பு என்று தெரிகிறது, விளக்க முடியவில்லை.

பதில்: ஐயா, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. 'ஸ்டேஷனுக்கு நடந்து மழை தொடங்கியது' என்று தமிழில் சொல்லிக் காட்டுங்கள், நடந்தது யார் என்று அவனே கேட்பான். 'நடந்து' போன்ற 'செய்து' வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி. 'மழை பெய்து குளம் நிறைந்தது' போலக் காரணம் காட்டும் இடங்கள் விலக்கு. பேரனின் வாக்கியத்தில் நடந்தவனுக்கு இடமே இல்லை. 'அஸ் ஐ வாஸ் வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுவாயைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.