கதை அழச் சொல்லுது, கை சுடச் சொல்லுது: ஷூட்டர் கேம்களில் ஏன் இந்த இழுபறி?

கேள்வி: கதை நன்றாக இருக்கிற ஷூட்டர் கேமிலும் பாதி நேரம் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே, ஏன்?

கதைக்கு ஒரு சாவு போதும். விளையாட்டுக்கு நூறு வேண்டும். குறி பார்ப்பது, பதுங்குவது, தோட்டா நிரப்புவது எல்லாம் திரும்பத் திரும்ப வந்தால்தான் கைக்குப் பழகி ருசிக்கும். கதை திரும்ப வந்தால் சலிக்கும்.

2007இல் பயோஷாக் என்ற ஷூட்டர் கேம் வந்தபோது கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங், கதையும் விளையாட்டும் இப்படி முட்டிக்கொள்வதற்கு 'லூடோநேரட்டிவ் டிஸொனன்ஸ்' என்று பெயர் வைத்தார். சிறுமிகளைக் காப்பதா, அவர்களிடமிருந்து சக்தியைப் பறிப்பதா என்று விளையாட்டு நம்மைக் கேட்கிறது. ஆனால் நம்மை வழிநடத்தும் அட்லஸ் என்ற பாத்திரத்துக்கு உதவ மாட்டேன் என்று சொல்லக் கதை விடுவதில்லை. அதுதான் ஹாக்கிங் சொன்ன குறை. 2016இல் அன்சார்ட்டட் 4 என்ற கேம், ஆயிரம் எதிரிகளைக் கொன்றால் 'லூடோநேரட்டிவ் டிஸொனன்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு டிராஃபி கொடுத்துக் கேலி செய்தது!

ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன் (2012) சுடுவதையே குற்றமாக்கியது. வெள்ளை பாஸ்பரஸ் என்ற எரிகுண்டை நாம் வீசியபின் கருகிய பொதுமக்களைக் காட்டுகிறது. வீசாமல் முன்னேற வழி தராமல் பழியை மட்டும் நம் தலையில் போடுவது, என்னைக் கேட்டால், போங்காட்டம்.

எங்கள் பாலக்காட்டுப் பக்கம் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். கம்பன் பாட்டைப் பாடி அர்த்தம் சொல்ல ஆரம்பித்தால் பாவை அப்படியே நிற்கும். சின்ன வயதில் "சண்டை எப்போ மாமா?" என்று நச்சரித்திருக்கிறேன். கேமில் நம் கையைக் கட்டிவிட்டுக் கதை சொல்லும் காட்சிப்படங்களின்போதும் அதே நச்சரிப்புதான். 1998இல் ஹாஃப் லைஃப் அந்தக் காட்சிப்படங்களே இல்லாமல், நம் கண் வழியாகவே கதை சொன்னது. எனக்குப் பிடித்தது அந்த வழி.